மாடு முகம் திருப்பிய ஊருணி: ஒரு நிகழ்வு ஆய்வு

சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஊருணியில் ஆவணியில் தொடங்கி அடுத்த கோடை வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அப்போது நான் அந்தப் பகுதியின் கால்நடை மருத்துவர். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். என் தவறுகளை விடவில்லை. அடுத்து இப்படி ஒரு குளத்தின் கரையில் நிற்கப் போகிறவருக்கு அவைதான் அதிகம் பயன்படும்.

பின்னணி

ஏறக்குறைய மூன்று ஏக்கர் ஊருணி. ஒரு காலத்தில் ஊருக்கே குடிதண்ணீர். மேல்நிலைத் தொட்டி வந்த பிறகு யாரும் குடம் எடுத்து வருவதில்லை. கிழக்குப் படித்துறையில் பெண்கள் துவைப்பதும் குளிப்பதும் உண்டு. தெற்கே சரிவான கரையில் மாடுகள் இறங்கும். வடமேற்கு மூலையில் இரண்டு தெருக்களின் கழிவுநீர் வாய்க்கால் வந்து விழும். அது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

மீன் வளர்ப்பு குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருந்தார்கள். அந்த வருடம் குத்தகைக்காரர் மீன் சீக்கிரம் பருக்கட்டும் என்று கறிக்கோழிப் பண்ணை எருவை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியிருந்தார். மீன் குளத்துக்கு எரு போடுவது தப்பில்லை. எரு போட்டால் நுண்பாசி வளரும், அதைத் தின்று மீன் வளரும். அளவுதான் பிரச்சினை. ஏற்கெனவே சாக்கடை ஊட்டி வளர்த்துக்கொண்டிருந்த குளம் அது.

முதல் அறிகுறி பாலில் வந்தது

ஆவணிக் கடைசியில் பால் சொசைட்டிச் செயலாளர் என்னிடம், தெற்குத் தெருப் பால் குறைந்துகொண்டே வருகிறது என்றார். மடிநோய், காய்ச்சல், தீவன மாற்றம் என்று வழக்கமான வரிசையில் பார்த்தேன். எதுவும் இல்லை. ஒரு வீட்டில் அந்த அம்மாதான் சொன்னார்: "மாடு குளத்துல வாயே வைக்க மாட்டேங்குது டாக்டரம்மா. மூக்கைக் கொண்டுபோகுது, புஸ்ஸுனு ஊதுது, திரும்பி வந்துடுது."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பசுக்கள் தண்ணீர் விளிம்பில் நின்று, மூஞ்சியைத் தாழ்த்தி, மூச்சை ஊதிவிட்டுத் திரும்பின. தாகம் தாங்காத ஒன்று இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தது. ஆடுகள் கரைக்கே வரவில்லை. எருமைகள் மட்டும் நேராக இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் சுகமாகக் கிடந்தன. எருமைக்கு அது குளிக்கும் இடம், பசுவுக்குக் குடிக்கும் இடம். வேலை வேறு என்பதால் மூக்கு சொல்வதற்கு அவை கொடுக்கும் மதிப்பும் வேறாக இருக்கலாம் என்று அன்று குறித்து வைத்தேன். இன்றும் அதற்கு மேல் தெளிவாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஒரு லிட்டர் பாலுக்கு மாடு ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும். தண்ணீர் குறைந்தது, பால் குறைந்தது. அவ்வளவுதான் விஷயம்.

என் முதல் தவறு

குளம் நல்ல பச்சையாக இருந்தது. மழை விழுந்த செம்மண்ணிலிருந்து கிளம்புமே, அதுபோல ஒரு வாடை, கொஞ்சம் மக்கலும் சேர்ந்து. இதற்குக் காரணமான பொருள் எனக்குத் தெரியும்: ஜியோஸ்மின். நீலப்பச்சைப் பாசிகள் சிலவும், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்களும் இதைச் சுரக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். நாம் இவ்வளவு கூர்மையாக முகரக்கூடிய பொருட்கள் அதிகமில்லை. அந்த அளவில் அதனால் உடம்புக்குக் கெடுதி இல்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குப் படித்துறையில் நின்று மேல்தண்ணீரை மொண்டு நீர்ச் சோதனைக் கிட்டில் பார்த்தேன். ஆக்சிஜன் தாராளம். "பாசி வாடைதான், பயமில்லை, வீட்டுத் தொட்டியில தண்ணி காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னதில் பொய் இல்லை, பயனும் இல்லை. பச்சைக் குளத்தில் நடுப்பகலில் ஆக்சிஜன் பார்த்தால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். வெயிலில் பாசி அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. இரவில் அதே பாசி அதே ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்க்கும். குளத்தின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால் விடிவதற்கு முன் போக வேண்டும். நான் போகவில்லை.

இன்னொன்று, படித்துறைப் பெண்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே ஒரு தகவல் கிடைத்திருக்கும். அது பின்னால் வருகிறது.

வாடை மாறிய வாரங்கள்

புரட்டாசி முழுக்க அதே மண்வாடை. ஐப்பசி பிறந்ததும் ஐந்தாறு நாள் மூட்டம். மழை இல்லை, வெயிலும் இல்லை. பாசி இலேசாகப் பழுப்பேறியது. கரை வீட்டுக்காரர்கள் பிறகு என்னிடம் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன், ஏனென்றால் நோய் கண்டுபிடிக்க உதவியவை அவைதான். முதலில் "சேத்து வாடை", அப்புறம் "முட்டைக்கோஸ் அழுகின மாதிரி", கடைசியில் "கூமுட்டை நாத்தம்".

இந்த மூன்றும் மூன்று கட்டங்கள். முதலாவது, பாசி உயிரோடு செழித்திருக்கிறது. இரண்டாவது, அது செத்து அழுகும்போது கந்தகச் சேர்மங்கள் கிளம்புகின்றன. மூன்றாவது, அடிச்சேற்றில் ஆக்சிஜன் அறவே தீர்ந்து, சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடுகின்றன. கூமுட்டை நாற்றம் அதனுடையது. யாராவது இந்த வரிசையை அன்றைக்கன்று கேட்டுக் குறித்திருந்தால், மீன் சாவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்கலாம்.

ஏன் யாரும் சொல்லவில்லை? கரையிலேயே குடியிருப்பவர்களுக்கு மூக்கு பழகிவிட்டது. தொடர்ந்து ஒரே வாடையில் இருந்தால் சில நிமிடங்களிலேயே அது மங்கிவிடும், மாதக்கணக்கில் இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வெளியூரிலிருந்து அந்த மாதம்தான் கல்யாணமாகி வந்த ஒரு பெண், வீட்டுக்குள்ளேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாராம். "டவுன் பிள்ளை, நோகாம வளர்ந்தது" என்று கேலி செய்திருக்கிறார்கள். ஊரிலேயே சரியாக வேலை செய்த மூக்கு அது ஒன்றுதான்.

மீன் செத்த காலை

மூட்டத்துக்குப் பிறகு ஒரு நாள் மாலை கனத்த மழை. குளிர்ந்த தண்ணீர் மேலே விழுந்து, மேல்நீரும் அடிநீரும் கலந்து, அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் மீன்கள் கரையோரம் கூட்டமாக வாயைத் திறந்து மேற்பரப்பில் மூச்சு வாங்கியதைக் காவல்காரர் பார்த்திருக்கிறார். விடிவதற்குள் பெரிய கட்லாக்கள் மல்லாந்துவிட்டன. ஊரில் இல்லாத கொக்கெல்லாம் வந்து இறங்கியிருந்தது.

நான் போனபோது ஏழு மணி. கரையில் இரண்டு கூட்டம். போன வருடம் ஏலத்தில் தோற்றவர் மருந்து கலந்துவிட்டார் என்று குத்தகைக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். போலீஸுக்குப் போகப் பைக்கும் தயாராக நின்றது. நாற்றம் அவருக்குச் சாட்சி: "இப்படி நாறுதுன்னா விஷம் இல்லாம வேற என்ன டாக்டரம்மா?"

என்ன பார்த்தோம், எப்படி முடிவுக்கு வந்தோம்

செத்தவை பெரும்பாலும் பெரிய மீன்கள். குஞ்சுகள் பல உயிரோடு இருந்தன. பூச்சிமருந்து கலந்திருந்தால் சின்னவை முதலில் போகும். மூச்சுத் திணறலில் அதிக ஆக்சிஜன் தேவைப்படும் பெரியவை முதலில் போகும். விராலும் தேளியும் சேற்றோரம் நன்றாகத் திரிந்தன. அவை மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கக்கூடியவை. தவளைகளும் தண்ணீர்ப் பூச்சிகளும் அப்படியே இருந்தன. சாவு தொடங்கிய நேரம் விடியலுக்கு முன்.

ஆக்சிஜன் சோதனைக் குப்பியில் மருந்து விட்டதும், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். அன்று வெள்ளையாகவே படிந்தது. எண் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் கூட்டத்தில் இருந்தவர்களுக்குக் காட்டிப் புரியவைக்க முடிந்தது. பக்கத்தில் என் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் அதே சோதனையைச் செய்து, பழுப்பு இறங்குவதையும் காட்டினேன்.

அப்போதுதான் படித்துறையிலிருந்து ஒரு பாட்டி காலை நீட்டினார். "இதைப் பாரு தாயி. பதினஞ்சு நாளாவே கருக்குது." வெள்ளிக் கொலுசு மை பூசியதுபோல் கறுத்திருந்தது. நான்கைந்து பெண்களுக்கும் அப்படியே. கொலுசு மட்டமான வெள்ளி என்று ஒரு வீட்டில் நகைக்கடைக்காரரோடு சண்டையே நடந்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் வெள்ளி கறுக்கும். ஆகப் பதினைந்து நாளாகப் படித்துறையில் சோதனைத் தாளை முக்கிக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், பார்க்க வேண்டிய நான் பார்க்கவில்லை.

குத்தகைக்காரரைத் தனியாக அழைத்து, விஷம் என்று சொல்ல ஆதாரம் இல்லை, கோழி எருவுக்குத்தான் இருக்கிறது என்றேன். பைக் போகவில்லை. அவர் என்னோடு ஒரு மாதம் பேசவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதல் வேலை காற்று. இரண்டு டீசல் என்ஜின் வைத்துக் குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி, பலகை மேல் சிதறி விழும்படி திரும்பக் குளத்தில் விட்டோம். இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை. பகலில் ஓட்டவில்லை, டீசல் வீண்.

இரண்டாவது, செத்த மீனை அன்றே அள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது. நாய்கள் ஏற்கெனவே ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடின. தின்றது பாதி, மேலே புரண்டு பூசிக்கொண்டது பாதி. நமக்குக் குமட்டுவது நாய்க்கு மணக்கிறது. அந்தச் சமயம் அறுவடை வயலுக்கு வாத்து மேய்க்கும் கூட்டம் ஒன்று பக்கத்தில் தங்கியிருந்தது. வாத்துகளை இறக்க வேண்டாம் என்று நேரில் போய்ச் சொன்னேன். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் அழுகிய பிணத்திலும் பாட்டுலிசம் நஞ்சு உருவாகும். அந்தப் பிணத்திலிருந்து வரும் புழுவைத் தின்ற வாத்து கழுத்துத் துவண்டு சாகும்.

சுண்ணாம்பைக் குளத்தில் கொட்டலாம் என்றார்கள். கார நிலை கூடினால் சல்பைடின் வீரியம் குறையும், உண்மைதான். ஆனால் கோழி எருவால் அம்மோனியாவும் நிறைய இருந்தது. காரம் கூடினால் அம்மோனியா மீனுக்கு இன்னும் கொடியதாகும். மறுத்தேன்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாம் என்ற யோசனையும் வந்தது. இதை உறுதியாக மறுத்தேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையிலுள்ள பாம் தீவில் 1979-இல் குடிநீர் அணையில் பாசி பெருகி, தண்ணீர் வாடையும் ருசியும் சரியில்லை என்று மக்கள் புகார் செய்தார்கள். மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஈரல் வீங்கி, வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். செத்த பாசி உடைந்து, அதுவரை உள்ளே வைத்திருந்த நஞ்சை மொத்தமாகத் தண்ணீரில் விட்டுவிட்டது என்பதுதான் பின்னால் வந்த விளக்கம். வாடையைத் தீர்க்கப் போய் விஷத்தைத் திறந்துவிட்ட கதை.

இதையெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தபோதே வடக்குக் கரையில் ஒருவர் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டார். நல்லெண்ணம்தான். அந்த மூலையில் பிழைத்திருந்த குஞ்சுகளும் மிதந்தன. வேடிக்கை என்னவென்றால், பிளீச்சிங் வாடை வந்ததும் கூட்டத்துக்கு ஒரு நிம்மதி வந்தது. "இப்பதான் சுத்தமா இருக்கு" என்று இருவர் சொன்னதை நானே கேட்டேன்.

இன்னொரு முடிவை எடுக்க ஒரு நிமிடம்தான் கிடைத்தது. வாய்க்கால் வந்து விழும் இடத்தில் மூடிய தொட்டி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பையன் சட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கப் போனான். "மொதல்ல நாறுச்சு, இப்ப நாறல அக்கா" என்றான். அந்த வார்த்தைதான் என்னை ஓட வைத்தது. ஹைட்ரஜன் சல்பைடு ஏறக்குறைய 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) தாண்டினால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. அதற்கும் பல மடங்கு மேலே போனால் ஆள் இரண்டு மூச்சில் விழுவார். கழிவுத் தொட்டிச் சாவுகளில் ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தவரும் போவது இதனால்தான். தொட்டியை வெளியிலிருந்து நீளக் கம்பியால் குத்தி எடுத்தோம்.

பிறகு நடந்தது

நான்கு இரவு என்ஜின் ஓடியது. கூமுட்டை நாற்றம் அடங்கியது. மிஞ்சிய மீனைக் கார்த்திகையில் குத்தகைக்காரர் பிடித்து விற்றார். மண்வாடை அடிக்கிறது என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். மீன் செவுள் வழியே ஜியோஸ்மினைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்துக்கொள்ளும், வெளியேற்றப் பல நாள் ஆகும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு போட்டுவைத்த மீன் தேறியது. இதில் ஊர்ப் பெண்கள் எனக்கு ஆசிரியர்கள். குளத்து மீன் என்றால் கல்லுப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவி, புளி தூக்கலாகத்தான் குழம்பு வைப்பார்கள். ஜியோஸ்மின் புளிப்பில் சிதைந்து வாடையிழக்கும். கடல் மீனுக்கு அவ்வளவு புளி விடாத அதே கைகள்தான்.

மீன் போனதும் கொசு பெருகியது. சாக்கடைத் தண்ணீரின் அழுகல் வாடை கியூலெக்ஸ் கொசுவுக்கு முட்டையிட அழைப்பு மாதிரி. புழுவைத் தின்ன மீனும் இல்லை.

இனிதான் எனக்கு இன்னும் உறுத்தும் பகுதி. தை மாதம் நல்ல வெயில். குளத்தில் வாடை இல்லை. மாடுகள் தாமாகவே குடிக்க வந்தன. ஊருக்குச் சந்தோஷம். ஆனால் காற்று ஒதுக்கிய தெற்குக் கரையோரம் பச்சை பெயிண்ட் ஊற்றியதுபோல் ஏடு படிந்திருந்தது. கல்லூரி ஒன்றில் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள்: அனபீனா, அதைவிட அதிகமாக மைக்ரோசிஸ்டிஸ். இரண்டும் நீலப்பச்சைப் பாசிகள். பின்னதில் ஈரலைத் தாக்கும் நஞ்சு இருக்கலாம், அந்த நஞ்சுக்கு வாடை கிடையாது. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படிப்பட்ட ஏட்டைக் குடித்து ஆடு, குதிரை, நாய் செத்ததை 1878-லேயே நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியிருக்கிறார்கள்.

தெற்குக் கரையை முள் போட்டு அடைக்கச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. "நாறினப்ப பயமில்லைன்னீங்க, இப்ப நாறல, பயம்ங்கிறீங்க" என்று ஒருவர் கேட்டார். அவரிடம் எனக்குப் பதில் இருந்தது, நம்பிக்கை பெறும் தகுதிதான் இல்லை. அந்த வாரம் ஒரு வெள்ளாடு ஏட்டோரம் குடித்து மறுநாள் செத்தது. அறுத்துப் பார்த்ததில் ஈரல் வீங்கி இரத்தம் கோத்திருந்தது. நஞ்சைப் பரிசோதிக்கும் வசதி கைக்கெட்டிய இடத்தில் இல்லாததால் பாசிதான் காரணம் என்று நான் எழுதவில்லை; சந்தேகம் என்று மட்டும் எழுதினேன். மறுநாள் முள்வேலி போடப்பட்டது. போர்வெல் தண்ணீரில் இரண்டு சிமென்ட் தொட்டியும் வந்தது. பால் பத்து நாளில் பழைய அளவுக்கு ஏறியது.

சித்திரையில் குளம் வற்றியதும் தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் வண்டல் அள்ளிப் போனார்கள். கறுத்த சேறு முழங்கால் ஆழம் இருந்தது. காய்ந்த தரையில் சுண்ணாம்பு தூவியது அப்போதுதான்.

மறுபடி நேர்ந்தால் மாற்றிச் செய்வது

விடியலுக்கு முன் போவேன். "நாறுதா" என்று கேட்காமல் "எது மாதிரி நாறுது, எந்த நாளிலிருந்து" என்று கேட்பேன். முதலில் படித்துறையில், அப்புறம் வெளியூரிலிருந்து வந்தவர்களிடம். மாடு குடிக்க மறுப்பதை நோயாகப் பார்க்காமல் தகவலாக எடுத்துக்கொள்வேன். மாடு குடிப்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் நல்லது என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆவணியில் "பயமில்லை" என்று சொன்னதற்குப் பதிலாக, இந்த வாடையால் பயமில்லை, ஆனால் பாசி இவ்வளவு இருப்பது பயம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தையில் என்னை யாரும் நம்பாமல் போனதற்கு அந்த ஒற்றை வார்த்தைதான் காரணம்.

புதிய குத்தகை ஒப்பந்தத்தில் கோழி எரு கொட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். எடுத்தவர் அதே குத்தகைக்காரர்தான். போன வருடம் மருந்து கலந்தது யார் என்று தனக்குத் தெரியும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வடமேற்கு வாய்க்காலைத் திருப்பிவிடும் வேலைக்கு மதிப்பீடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் மாற்றலாகி வந்த நாள்வரை அது குளத்துக்குள்தான் விழுந்துகொண்டிருந்தது.